கதை சொல்பவருக்குத் தெரியக் கூடாதது



மைசூரில், அதுவும் அக்ரஹாரம் என்ற பெயருள்ள ஒரு பகுதியில் நின்று நாவலைப் பற்றிப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் இருக்கிறது. மால்குடியைப் படைத்த ஆர்.கே. நாராயண் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது இந்த ஊரில். யாதவகிரியில் அவர் கட்டிய வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது. கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் 1929-ல் பிறந்ததும் இங்கேதான். இருவர் வீட்டிலும் புழங்கியது தமிழ். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் இங்கேயே ஆங்கிலம் கற்பித்தவர் யு.ஆர். அனந்தமூர்த்தி. அவருடைய முதல் நாவலான ‘சம்ஸ்காரா’ ஓர் அக்ரஹாரத்தை மையமாகக் கொண்ட கதை. ஆகவே முதல் நாவலை யார் கண் வழியாகச் சொல்வது என்ற கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துத் தெருக்களிலேயே சான்றுகள் கிடைக்கின்றன.

முதல் நாவல் எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கதையை ‘நான்’ என்று சொல்வதா, ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்வதா? கேள்வி நியாயமானது. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. முதலில் தீர்மானிக்க வேண்டியது, கதை சொல்பவருக்கு எது தெரியக் கூடாது என்பது. வீட்டில் எல்லா அறைகளையும் திறந்து காட்டிவிட்டு ஓர் அறையை மட்டும் சாத்தி வைத்தால், வந்தவரின் மனம் அந்த அறை வாசலிலேயே நிற்கும். நாவலும் அப்படித்தான். எந்தக் கதவைச் சாத்துவது என்று தெரிந்துவிட்டால், ‘நானா, அவனா’ என்ற கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும். அது தெரியாமல் ‘நான்’ என்று தொடங்கினாலும் சரி, ‘அவன்’ என்று தொடங்கினாலும் சரி, ஐம்பதாவது பக்கத்தில் கதை தடுமாறத் தொடங்கும். இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. புத்தகங்களைத் திறந்தே பார்ப்போம்.

1935-ல் வெளிவந்த நாராயணின் முதல் நாவல் ‘சுவாமியும் நண்பர்களும்’ படர்க்கையில் எழுதப்பட்டது. கதைசொல்லி சுவாமிநாதனைவிட வயதில் மூத்தவர். அவனுடைய பயங்களைப் பார்த்து மெல்லச் சிரிக்கத் தெரிந்தவர். ஆனாலும் உலகத்தை அந்தப் பையனின் உயரத்திலிருந்தே பார்க்கிறார். வாத்தியாரும் அப்பாவும் அந்த உயரத்திலிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரிவார்களோ, அவ்வளவு பெரிதாகவே நமக்கும் தெரிகிறார்கள். ஆனால் இந்த நியதியை அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடிக்கவில்லை. பையன் காணாமல் போன இரவில் கதை அப்பாவின் கவலையோடு நடக்கிறது. சுவாமியின் நண்பனும் போலீஸ் சூப்பிரண்டின் மகனுமான ராஜத்தின் மனத்துக்குள்ளும் முன்பகுதியில் சற்றே எட்டிப் பார்க்கிறது. இனி முடிவைக் கவனியுங்கள். கிரிக்கெட் ஆட்டத்துக்கு வராமல் போன சுவாமியிடம் ராஜம் பேச்சை நிறுத்திவிட்டான். அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டதால் ஊரைவிட்டே போகிறான். ரயில் நகரும்போது சுவாமி கொண்டுவந்த ஆண்டர்சன் கதைப் புத்தகம் இன்னொரு நண்பன் மணியின் கை வழியாக அவனிடம் போய்ச் சேர்கிறது. ராஜம் மன்னித்தானா? கடிதம் போடுவானா? சுவாமி மணியைக் கேட்கிறான். போடுவான் என்கிறான் மணி. ஆனால் அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. நாவல் அங்கே முடிகிறது.

முன்பு ராஜத்தின் மனத்துக்குள் போய்வந்த அதே கதைசொல்லி இங்கே ஏன் போகவில்லை? போகத் தெரியாமல் அல்ல. ராஜம் மன்னித்துவிட்டான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது குழந்தைகளுக்கான இனிய கதையாகச் சுருங்கியிருக்கும். மன்னிக்கவில்லை என்று எழுதியிருந்தால் வெறும் சோகக் கதை ஆகியிருக்கும். தெரியாமல் நிற்பதுதான் சுவாமியின் நிலை. நம்மையும் அவனோடு அதே பிளாட்பாரத்தில் நிறுத்துவதுதான் அந்த முடிவின் பலம். படர்க்கை என்ற இலக்கணம் மட்டும் இந்தப் பலத்தைத் தந்துவிடாது. சரியான இடத்தில் சரியான கதவைச் சாத்தியதுதான் தந்தது.

உடனே ஒரு மறுப்பு எழும். முதல் நாவல் பெரும்பாலும் சொந்த வாழ்க்கையிலிருந்து வருகிறது, சொந்த வாழ்க்கையை ‘நான்’ என்று சொல்வதுதானே இயல்பு, உண்மை, நேர்மை? இதற்கும் நாராயணின் எழுத்திலிருந்தே விடை சொல்லலாம். ‘சுவாமி’யும், 1937-ல் வந்த ‘பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ நாவலும், 1938-ல் வந்த ‘இருட்டறை’யும் படர்க்கையில் அமைந்தவை. அவர் மனைவி ராஜம் 1939-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். அந்த இழப்பிலிருந்து பிறந்த ‘ஆங்கில ஆசிரியர்’ 1945-ல் வந்தது. நான்காவதான அந்த நாவலில்தான் ‘நான்’ வருகிறது. அங்கேயும் பேசுவது கிருஷ்ணன் என்ற கல்லூரி ஆசிரியன். அந்த நாவலுக்கு ‘நான்’ ஏன் தேவைப்பட்டது என்பதைக் கதையே காட்டுகிறது. இறந்த மனைவியோடு ஆவியுலகத் தொடர்பு கொள்ள முயல்கிறான் கிருஷ்ணன். அதை ஊருக்குப் பொதுவான கதைசொல்லி சொன்னால் நாம் உடனே அவரிடம், இது மெய்யா பொய்யா என்று கேட்போம். கிருஷ்ணனே சொல்லும்போது அவன் எதைக் கண்டான், எதை நம்பினான் என்பது மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அதற்கு அப்பாலுள்ள கதவு சாத்தியே இருக்கிறது. துக்கத்தின் உண்மையை அந்தச் சாத்திய கதவுதான் காப்பாற்றுகிறது. ஆகவே ‘நான்’ என்று எழுதினால் நேர்மை தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஏ.கே. ராமானுஜன் 1978-ல் கன்னடத்தில் எழுதிய கதைக்கு ‘மற்றொருவனின் சுயசரிதை’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். கதையில் ‘நான்’ என்று பேசத் தொடங்குகிற கணத்திலேயே பேசுபவர் நம்மிலிருந்து பிரிந்த ஒருவராகிவிடுகிறார். அந்த ஒருவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாராயணுக்குச் சாகித்ய அகாதெமி விருது பெற்றுத் தந்த ‘கைடு’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1958-ல் வந்த அந்த நாவலில் நாயகன் ராஜூவின் பழைய வாழ்க்கை அவன் வாயாலேயே வருகிறது. சாமியாராகிவிட்ட நிகழ்காலம் படர்க்கையில் வருகிறது. தான் செய்த மோசடியை ராஜூ, தன்னைச் சாமியாராக நம்பும் வேலனிடம் இரவு முழுக்க ஒப்புக்கொள்கிறான். கேட்டபிறகும் வேலனின் பக்தி குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று வேலனின் மனத்துக்குள் நுழைந்து விளக்கியிருந்தால் அந்தக் காட்சி சப்பென்று ஆகியிருக்கும். மழைக்காக இருந்த உண்ணாவிரதத்தின் இறுதியில், மலையில் மழை பெய்வதைக் கால்களில் உணர்வதாகச் சொல்லிக்கொண்டே ராஜூ சாய்கிறான். மழை வந்ததா என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. அந்த நொடியை ராஜூவே சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்த ஒருவர் சொல்லவும் கூடாது. கடந்த காலத்துக்குத் தன்மை, நிகழ்காலத்துக்குப் படர்க்கை என்ற அந்தப் பிரிவினைக்குக் காரணம் இதுதான். உத்தி நயத்துக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அனந்தமூர்த்தியின் அக்ரஹாரத்துக்கு வருவோம். ‘சம்ஸ்காரா’ 1965-ல் வந்தது. துர்வாசபுரம் அக்ரஹாரத்தில் நாரணப்பா இறந்துகிடக்கிறான். ஆசாரத்தை மீறி வாழ்ந்த அவனுக்கு யார் ஈமக்கடன் செய்வது என்ற கேள்வியோடு நாவல் எழுகிறது. கதை பெரும்பாலும் அக்ரஹாரத்தின் தலைமைப் பண்டிதரான பிராணேசாசாரியாரோடு போகிறது. ஆனால் மற்ற பிராமணர்கள் பக்கமும், நாரணப்பாவோடு வாழ்ந்த சந்திரியின் பக்கமும் தாராளமாகத் திரும்புகிறது. ஒரே பாத்திரத்தின் பார்வையில் நிற்கிற நாவல் என்று அதைச் சொல்ல முடியாது. இருந்தும் ஒருவனுடைய மனம் மட்டும் கடைசி வரை திறக்கப்படவில்லை. அது பிணமாகக் கிடக்கிற நாரணப்பாவின் மனம். அவனைப் பற்றி ஊரே பேசுகிறது. ஏசுகிறவர்களும் உண்டு, உள்ளூரப் பொறாமைப்படுகிறவர்களும் உண்டு. அவன் தன் தரப்பை நம்மிடம் நேரே வந்து சொல்லும் இடம் எதுவும் கிடையாது. சொல்லியிருந்தால் நாவல் ஆசாரத்துக்கும் அனாசாரத்துக்கும் நடக்கிற பட்டிமன்றமாகப் போயிருக்கும். அவன் நேரே வந்து பேசாததால்தான் ஒவ்வொருவரும் அவனைப் பற்றிப் பேசுவதன் மூலம் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். பார்வைகள் பலவாகலாம். எல்லாப் பார்வைகளும் சுற்றி நிற்பதற்குப் பேசாத ஒரு நடு வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நம் மரபின் பக்கமிருந்து வரும். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த சமூகம் நம்முடையது, எல்லாம் அறிந்த கதைசொல்லி நமக்கு அந்நியமானவரா, பார்வையைக் குறுக்குவது இறக்குமதிச் சரக்குதானே என்று சிலர் கேட்கலாம். மரபைக் கவனமாகப் பார்த்தால் இந்த மறுப்பு நிற்காது. தமிழின் முதல் நாவலாகக் கொண்டாடப்படும் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ல் அச்சேறியது. அதில் கதை சொல்வது பிரதாப முதலியாரே. எல்லாம் அறிந்த ஒருவரோடு நம் நாவல் தொடங்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அவன் மனைவி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசாளும் நிலைக்கு வருவது கணவன் உடனில்லாத நேரத்தில் நடக்கிறது. அந்தக் கதையைக் கேட்டறிந்தவனாகத்தான் அவன் சொல்ல முடிகிறது. ராஜம் ஐயர் 1893-லிருந்து ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ எல்லோர் வீட்டுக்குள்ளும் நுழைகிறது என்பது மெய். ஆனால் அங்கே பேசுகிற குரலுக்கு ஒரு முகம் உண்டு. கேலி, பரிவு, தத்துவ நாட்டம் எல்லாம் கொண்ட ஓர் ஆளாக அந்தக் குரல் நமக்குப் பழக்கமாகிறது. கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பொன்னியின் செல்வ’னில் சோழ நாட்டின் எந்த மூலைக்கும் போகிறார், வாசகரோடு நேரே பேசுகிறார். ஆனால் கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் விழுந்த கணத்தில், கொன்றது யார் என்பதை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறார். எல்லாம் அறிந்தவராக எழுதுகிறவரும் எங்காவது வாயைக் கட்டத்தான் வேண்டும். மரபு நமக்குக் காட்டுகிற பாடம் இது.

இன்னொரு சான்று சுந்தர ராமசாமியின் முதல் நாவல் ‘ஒரு புளியமரத்தின் கதை’, 1966. தலைப்பைக் கேட்டவுடன் மரமே பேசுமென்று தோன்றும். முதல் நாவல் எழுதும் எவருக்கும் அந்த ஆசை எளிதில் வந்துவிடும். நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்த மரம், அதற்கு எல்லாம் தெரியும், அதன் வாயில் கதையைக் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். சுந்தர ராமசாமி அதைச் செய்யவில்லை. இளைஞன் ஒருவனிடம் கதையை ஒப்படைத்தார். அவன் பிறப்பதற்கு முந்தைய காலத்தை முதியவரான தாமோதர ஆசான் சொல்லக் கேட்டுத்தான் அவனும் அறிகிறான். ஆசான் சொல்வதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு அவருடைய சமத்காரம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மரம் கடைசி வரை ஊமையாகவே நிற்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-ல் வந்தது. அதிலும் குடிபெயர்ந்து வந்த கதை மூதாட்டி மங்கத்தாயாரு அம்மாளின் நினைவு வழியாக வருகிறது. சரித்திர நூலாக வரவில்லை. எழுத்தாளருக்கு எவ்வளவு தெரியும் என்பதை இரண்டு நாவல்களும் முன்னே கொண்டுவரவில்லை. பழங்கதைக்கு ஒரு மனிதரின் ஞாபகம் எட்டுகிற தூரம்தான் எல்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் கூடுதலான பொறுப்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய நாராயண் சந்திக்காத சிக்கல் அது. தமிழில் வினைமுற்றே மரியாதையைச் சொல்லிவிடும். பண்ணையார் வந்தார், பண்ணையாள் வந்தான் என்று எழுதிய நொடியில் கதைசொல்லி எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது வெளியே தெரிந்துவிடுகிறது. மாமனார் சொன்னார், மாமியார் சொன்னாள் என்று எழுதினாலும் அப்படித்தான். படர்க்கை என்பது நடுநிலை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிற பலர் இந்த விகுதிகளில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஊர் எப்படிப் பேசுகிறதோ அப்படியே நானும் எழுதுகிறேன் என்றால், ஊரின் பார்வைதான் உங்கள் பார்வை என்று ஆகிவிடும். நடை விஷயமும் இதோடு சேர்ந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தபோது, சொல்பவரின் பேச்சு மொழியே முழு நூலின் மொழியாக இருந்தது. ‘நான்’ என்று சொல்கிறவருக்கு அந்த நடையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தாங்கிச் செல்லும் கடமை உண்டு. பூமணி 1979-ல் தம் முதல் நாவலான ‘பிறகு’வில் அழகிரியின் வாழ்க்கையைப் படர்க்கையில் சொன்னார். கரிசல் பேச்சை உரையாடலில் வாழவிட்டார். இமையம் 1994-ல் ‘கோவேறு கழுதைக’ளில் சலவைத் தொழில் செய்யும் ஆரோக்கியத்தின் பக்கத்திலேயே கதையை நிறுத்தினார். இவற்றில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்ல வரவில்லை. ‘நானா, அவனா’ என்று தேர்ந்தெடுக்கும்போதே நடையையும் மரியாதையையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் மதிப்புள்ளது. இதுவரை பேச விடப்படாதவர்களை எல்லாம் பேச வைப்பதுதானே நாவலின் அறம், ஒரு பார்வையில் குறுக்கினால் மற்றவர்கள் மீண்டும் ஊமையாகிவிட மாட்டார்களா? பல பார்வைகளில் எழுதுவது தவறே இல்லை. அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ சினிமாத் தொழிலின் கதையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு மனத்துக்குள் நுழைவதும் அதற்குக் குரல் கொடுப்பதும் ஒன்றாகிவிடாது. எழுத்தாளர் தமக்குச் சரிவரத் தெரியாத ஒரு பெண்ணின், ஒரு கூலியாளின், ஒரு குழந்தையின் மனத்துக்குள் நுழைந்து தம் கருத்துகளையே அங்கே பேச வைத்தால், அது அவர்களை இரண்டாம் முறை ஊமையாக்குவதாகும். நாரணப்பாவை எண்ணிப் பாருங்கள். நம்மிடம் நேரே வந்து பேசாமலேயே அந்த அக்ரஹாரம் முழுவதையும் கேள்விக்கு உள்ளாக்கினான். முதல் நாவலில் பன்னிரண்டு மனங்களைத் திறப்பதைவிட, இரண்டை நன்றாகத் திறந்து, மூன்றாவது மனத்தின் முன் மரியாதையோடு வெளியே நிற்பது கூடுதல் அறமுள்ள காரியம்.

கடைசி மறுப்பு, இதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்தால் எழுத்து செத்துவிடாதா என்பது. நாராயண் 1930-ல் விஜயதசமி நாளன்று பெங்களூரில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது, திட்டம் எதுவுமில்லாமல் மால்குடி ரயில் நிலையம்தான் முதலில் மனத்தில் வந்து நின்றது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். உண்மைதான். ஊர் தானாக வரலாம், பாத்திரங்கள் தாமாக வரலாம். அவற்றைத் தடுக்க நான் சொல்லவில்லை. முதல் படியை மனம் போன போக்கில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் ஓர் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, அதில் வருகிற ஒவ்வொரு செய்தியும் கதைசொல்லிக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். பார்த்தாரா, கேட்டாரா, ஊகித்தாரா, அல்லது நீங்கள் காதில் ஓதினீர்களா? எந்த வயதில், எத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? பிறகு அதே அத்தியாயத்தை வேறு ஒருவரின் பக்கத்திலிருந்து எழுதிப் பாருங்கள். எந்தப் படியில் ஒரு முக்கியமான விஷயம் தெரியாமல் போய், அதனாலேயே காட்சி இறுகுகிறதோ, அதுதான் உங்கள் நாவலின் இடம். திரும்ப எழுதும் உழைப்புக்கு அஞ்சி இதைத் தவிர்த்தால், பின்னால் முழு நாவலையும் கலைக்க நேரிடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நுட்பத்தின் மீதுள்ள பற்று மட்டுமல்ல. எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற நாவல் வாசகரை வகுப்பறையில் உட்கார வைக்கிறது. ஒன்றைச் சொல்லாமல் விடுகிற நாவல் அவரைச் சக மனிதராக மதித்துக் கதைக்குள் இடம் தருகிறது. ராஜம் மன்னித்தானா என்று தொண்ணூறு ஆண்டுகளாக வாசகர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அந்தக் கேள்வியை எழுத்தாளர் அவர்களுக்கே விட்டுக் கொடுத்ததுதான் காரணம். மைசூரில் வளரும் தமிழ் இளைஞர்களுக்கு இதில் இயல்பான பயிற்சி உண்டு. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, கல்லூரியில் ஒரு மொழி என்று வாழ்கிறீர்கள். எதிரே இருப்பவரின் மனத்தில் ஒரு பகுதி எப்போதும் நமக்கு எட்டாது என்பதை அன்றாடம் அறிந்தவர்கள் நீங்கள். அந்த அறிவைக் குறையாக எண்ணாதீர்கள். உங்கள் கதைசொல்லிக்குத் தெரியாத அந்த ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுங்கள், அதைக் கடைசிப் பக்கம் வரை காப்பாற்றுங்கள், மீதியை வாசகரை நம்பி விடுங்கள். அந்த நம்பிக்கையோடு எழுதப்படும் முதல் நாவல்களை இந்த ஊரிலிருந்து தமிழ் எதிர்பார்க்கிறது.